மூன்றாம் வகுப்புப் பையன் எழுதிக் கொடுத்த வார்த்தை: எப்படிப் புரியவைப்பது?

காவிரிக்கரை (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன செவ்வாய்க்கிழமை டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி: "வகுப்பில் தகாத வார்த்தை பேசினான். பெற்றோர் கையெழுத்திடவும்." என்ன வார்த்தை என்று எழுதவில்லை. மறுநாள் வாசலில் மிஸ்ஸைப் பிடித்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அதை எப்படிங்க நான் என் வாயால சொல்றது" என்றார். பையனிடம் கேட்டால் தரையைப் பார்த்தபடி நிற்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "சொல்ல வேண்டாம், எழுதிக் கொடு" என்றேன். கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி, நாலாக மடித்து என் கையில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்துகொண்டான்.

பிரித்துப் பார்த்தேன். 'தே'யில் தொடங்கும் வார்த்தை. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நடுவில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தான். காதால் கேட்டதுதான், கண்ணால் எங்கேயும் படித்திருக்க மாட்டான். அந்தத் தப்பைப் பார்த்ததும் அதுவரை இருந்த கோபமெல்லாம் போய் அழுகை வந்துவிட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று போர்வைக்கு வெளியே இருந்து கேட்டேன். "ரொம்பக் கோபம் வந்தா சொல்றது" என்றான்.

இதற்கு மேல் எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த அர்த்தத்தை எப்படிச் சொல்வது? சொல்லாமல் "கெட்ட வார்த்தை, பேசாதே" என்று மட்டும் சொன்னால் போதுமா? வீட்டில் அவர், "பெரிசு பண்ணாதே, தானா மறந்துடுவான்" என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசம்

வாயில் ரெண்டு போடுங்கள், அடுத்த முறை அந்த வார்த்தை வராது. எங்கள் அப்பா அப்படித்தான் வளர்த்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒழுங்காகத்தான் இருக்கிறோம். எதற்கெடுத்தாலும் உட்காரவைத்துப் பேசுவது, விளக்குவது என்று போனால் பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போகும்.

கரும்பலகை (அரசு நடுநிலைப் பள்ளி, தமிழ்)

பத்தொன்பது வருடமாக ஆறு முதல் எட்டு வரை தமிழ் எடுக்கிறேன். முதலில் மண்வாசம் அவர்களுக்கு. உங்கள் அப்பா மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடி வாங்கிய பிள்ளை அந்த வார்த்தையை விடுவதில்லை, நம் முன்னால் சொல்வதைத்தான் விடுகிறது. எங்கள் பள்ளி மைதானத்தின் பின்பக்கச் சுவர் ஓரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் என்னென்ன பேசுகிறார்கள் என்று கேட்கலாம். பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவு, தடுத்திருக்கிறது. மனத்தை நோகடிப்பதையும் அதே பிரிவுதான் தடுக்கிறது. அந்த இரண்டையும் சட்டம் ஒரே இடத்தில் வைத்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாயால் கொடுப்பதும் அடிதான்.

குறளை மனப்பாடம் பண்ண வைத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 'யாகாவா ராயினும் நாகாக்க' என்று காலை வழிபாட்டில் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்ன பையனை, மத்தியானம் சத்துணவு வரிசையில் கெட்ட வார்த்தை பேசினான் என்று என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தக் குறளையும் அவன் வாய் பேசியதையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும்தான் தரவில்லை.

காவிரிக்கரை, உங்கள் மகன் சொன்ன பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். 'ரொம்பக் கோபம் வந்தா சொல்றது.' அர்த்தம் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் எதற்குப் பயன்படுகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் கோபத்துக்கு அவனிடம் வேறு என்ன சொல் இருக்கிறது?

இதை நான் ஆறாம் வகுப்பில் செய்து பார்த்தேன். பலகையில் 'கோபம்' என்று எழுதி, இதற்கு எத்தனை சொல் தெரியும் என்று கேட்டேன். கடுப்பு, எரிச்சல், ஆத்திரம், சினம் வந்தன. அப்புறம் ஒரு பெண் 'வயித்தெரிச்சல்' என்றாள். இன்னொருத்தி 'வீம்பு' என்றாள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், எந்நேரமும் வாயில் ஏதாவது கெட்ட வார்த்தை வைத்திருப்பவன், எழுந்து "என்னைச் சேத்துக்கல" என்றான். வகுப்பு சிரித்தது. நான் அதையும் பலகையில் எழுதினேன். அன்றைக்குக் கேட்டதிலேயே உண்மையான சொல் அதுதான். அவன் ஒரு வருடமாகக் கெட்ட வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

காவிரிக்கரை

மிஸ், இதைப் படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவனிடம் கேட்கிறேன்.

நெல்லைச்சீமை

எங்கள் பக்கத்தில் வசவு வேறு, கெட்ட வார்த்தை வேறு. ஆச்சி வையாத நாள் கிடையாது. 'எடுபட்ட பய', 'செத்த மூதி', 'நீ நாசமாப் போக' என்று காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓடும். அதே கைதான் எண்ணெய் தேய்த்துவிட்டது, கருப்பட்டி உடைத்து வாயில் போட்டது. பிள்ளைகளுக்கு அந்தக் குரலின் இழுப்பிலேயே தெரியும், ஆச்சி நிசமாகவே கோபமா இல்லையா என்று. அதையும் கெட்ட வார்த்தை என்று ஒதுக்கிவிட்டால் நம் பேச்சில் என்ன மிஞ்சும்? தொலைக்காட்சித் தமிழ்தான் மிஞ்சும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஆச்சி கொஞ்சும்போதுகூட 'சண்டாளா' என்பாள். நானும் என் மகளை 'அடி சண்டாளி' என்று கூப்பிட்டிருக்கிறேன். அது ஒரு சாதியின் பெயர் என்று நாற்பது வயதுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நீதிமன்றவாசல்

நெல்லைச்சீமை சொல்வது சரி. தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. 2024-இல் அந்தச் சொல்லைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தபோது, அதை வசையாகப் பயன்படுத்தக் கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமே சொன்னது. பொது இடத்தில் ஒரு பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(எஸ்) பிரிவில் குற்றம்.

பிள்ளைகளிடம் சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரியவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னிடம் வரும் வழக்குகளில் பாதி, யாரோ ஒருவர் 'சும்மா வாய் தவறி வந்துருச்சு' என்று சொல்வதில்தான் ஆரம்பிக்கிறது. வாய் தவறி வருவது வீட்டில் பழகியதுதான்.

நெல்லைச்சீமை

இனி அந்த ஒரு வார்த்தை என் வீட்டில் இருக்காது. மூதியை மட்டும் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

யாழ்முற்றம் (யாழ்ப்பாணம்)

எங்கட ஊரிலை இதுக்குத் தூசணம் எண்டு பேர். 'பெடியன் தூசணம் கதைக்கிறான்' எண்டு ஒரு அம்மா சொன்னால், அந்த வீட்டிலை அண்டைக்குச் செத்த வீடு மாதிரித்தான் இருக்கும். அதே வீட்டிலை 'விசரா' (பைத்தியக்காரா), 'பேயா' எண்டு பிள்ளையை ஏசிறது தூசணக் கணக்கிலை வராது. கொஞ்சம் குழப்பம் செய்தால் 'உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்' எண்டுவினம். அங்கொடை கொழும்புக்குப் பக்கத்திலை இருக்கிற மனநல ஆஸ்பத்திரி. நான் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியிலை போகாத வயதிலேயே அந்த ஊரின்ரை பேரை ஏச்சாத்தான் படிச்சனான்.

பிறகு போர் முடிஞ்ச காலத்திலை, எங்கட ஒழுங்கையிலை மட்டும் எத்தனை பேர் மருந்தோடை இருந்தவை. என்ரை சித்தியும் ஒருத்தி. அவ முற்றத்திலை இருக்கேக்கை பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தாய் 'விசரி' எண்டு கூப்பிட்டா. சித்தி திரும்பிப் பார்த்தா. தன்னைத்தான் கூப்பிட்டவை எண்டு நினைச்சிட்டா. அண்டையிலையிருந்து எங்கட வீட்டிலை அந்தச் சொல் இல்லை.

புரசைவாக்கம்

யாழ்முற்றம், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. உங்களுக்கு அங்கொடை என்றால் எங்களுக்குக் கீழ்ப்பாக்கம். 1794-இல் தொடங்கிய மருத்துவமனை. இரண்டு நூற்றாண்டுக்கும் மேலாக மனம் நொந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம். என் அண்ணன் அங்கேதான் சரியானான். இன்றைக்கும் வேலைக்குப் போய் வருகிறான். ஆனால் எங்கே வைத்தியம் பார்த்தாய் என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல மாட்டான்.

எல்லோரும் அந்தத் 'தே' வார்த்தைக்குத்தான் பதறுகிறோம். 'லூசு', 'மெண்டல்' இரண்டையும் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். டைரியில் அதற்காக யாராவது சிவப்பு மையில் எழுதுவார்களா?

பட்டறைக்காரன் (கோவை)

நானும் சொல்கிறேன். லேத் பட்டறை நடத்துகிறேன். எங்கள் வேலையில் கெட்ட வார்த்தை இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. கோபத்தில் வருவது கொஞ்சம்தான், பழக்கத்தில் வருவதுதான் அதிகம். பீஸ் அளவு தப்பினால் ஒன்று, டூல் உடைந்தால் ஒன்று, டீ வரத் தாமதமானால் ஒன்று. இதை நிறுத்தவே முடியாது என்றுதான் இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோடை லீவில் என் மகள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவர ஆரம்பித்தாள். ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். அவள் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டதும் யாராவது ஒருத்தர் "பாப்பா வந்துருச்சு" என்பார். மெஷின் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வாய்கள் மட்டும் நின்றுவிடும். அவள் கேரியரை வைத்துவிட்டு, காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை ஒரு வார்த்தை வராது. ஆறு ஆம்பளைகள், ஆறு பேருக்கும்.

நாலைந்து நாள் கவனித்த பிறகுதான் உறைத்தது. நிறுத்த முடியாது என்பது பொய். தினம் பத்து நிமிடம் நிறுத்திக்கொண்டுதானே இருக்கிறோம்? அப்போது பட்டறையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் வேலை கற்றுக்கொண்டிருந்தான். மகள் காதுக்கு ஆகாதது அவன் காதுக்கு மட்டும் ஆகுமா? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. முழுக்க மாறிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா, அக்காவை இழுக்கும் வார்த்தைகள் பட்டறையில் கூடாது என்று சொல்லிவிட்டேன். பெரும்பாலும் நிற்கிறது.

மண்வாசம்

பட்டறைக்காரர் சொன்னதை இரண்டு முறை படித்தேன். என் அப்பா எங்களை அடித்தபோதும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அடித்தார். இதுவரை அதை நான் யோசித்ததில்லை.

வாசிப்புமேசை

அந்த வார்த்தையின் கதையைச் சொல்லாமல் இந்த இழையைக் கடந்துபோக மனம் வரவில்லை. அதன் மூலம் 'தேவரடியார்'. இறைவனின் அடியவர் என்றுதான் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளில் மரியாதையாகவே வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் ராசராசன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அந்தக் கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல். ஆடவும் பாடவும் தெரிந்த, பெயர் சொல்லிக் கல்லில் பொறிக்கப்பட்ட பெண்கள். பிற்காலத்தில், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் அந்த முறை கெட்டு, பெண்களைச் சிக்கவைக்கும் பொறியாக மாறியது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அதை எதிர்த்துப் போராடினார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்து முறை ஒழிந்தது. முறை போய்விட்டது, அதில் மாட்டிக்கொண்ட பெண்களைக் குறித்த சொல்லை மட்டும் நாம் வசவாக வைத்துக்கொண்டோம். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்களைக் குறிக்க ஒரு வசவுகூட நம்மிடம் இல்லை.

என் மகளுக்கு இதைப் பதின்மூன்று வயதில் சொன்னேன். தஞ்சாவூர் போனபோது அந்தக் கோயில் சுவரைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னேன்.

கரும்பலகை

அருமை. ஆனால் எட்டு வயதுக்கு இது கனம். அந்த வயதில் வரலாறு வேண்டாம், யாருக்கு வலிக்கும் என்பது மட்டும் போதும்.

சொல்லைத் தேர்ந்து பேசுவது ஏதோ புதுசாகக் கற்றுத்தர வேண்டிய பாடம் என்றும் நினைக்க வேண்டாம். நன்னூல் தகுதி வழக்கு என்று மூன்றைச் சொல்கிறது: இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலமானதை நல்ல சொல்லால் சொல்வது), குழூஉக்குறி (ஒரு கூட்டத்துக்குள் மட்டும் புழங்கும் சொல்). பரீட்சைக்குப் படித்து மறந்திருப்போம், ஆனால் தினமும் அதில்தான் வாழ்கிறோம். 'கால் கழுவி வந்தேன்' என்பது இடக்கரடக்கல். வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளை 'போறேன்' என்றால் விடுவோமா? 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று வாசல்வரை வந்து திருத்துகிறோம். விளக்கை அணைத்தேன் என்று சொல்ல மாட்டார்கள், குளிரவைத்தேன் என்பார்கள். வளையல் உடைந்தால் பெருகிவிட்டது என்பார்கள். அது மங்கலம். யாரும் இதற்கெல்லாம் அடித்துச் சொல்லித்தரவில்லை. பாட்டி ஒவ்வொரு முறையும் திருத்தினாள், அவ்வளவுதான். நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்லை மாற்றிச் சொல்ல ஏற்கெனவே வரும். அந்தப் பழக்கத்தை மனிதர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும்.

பையன்கள் கிரிக்கெட் மைதானத்தில் பேசுவதில் பாதி குழூஉக்குறிதான். பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்று சொன்னதுபோல, 'நான் உங்க ஆளு' என்று காட்டத்தான் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் வார்த்தையைப் பிடுங்கும்போது கூட்டத்தை விட்டே பிடுங்குகிறோம் என்று பிள்ளைக்குத் தோன்றும். மெதுவாகத்தான் செய்ய வேண்டும்.

காவிரிக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பேசினேன்.

'உன்கிட்ட இதை யாராவது சொன்னாங்களா?' என்றுதான் ஆரம்பித்தேன். வேனில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை. ஆறாம் வகுப்பு அண்ணன் ஒருவன் இவனைத் தள்ளிவிட்டு அப்படிச் சொல்லியிருக்கிறான். இவன் அதை இரண்டு நாள் வைத்திருந்து, வகுப்பில் ஸ்கேலைத் திருப்பித் தராத பையனிடம் சொல்லியிருக்கிறான்.

"அந்த அண்ணன் சொன்னப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?" "காது சூடாயிருச்சு" என்றான்.

அப்புறம் சொன்னேன்: "அது உன்னைத் திட்டுற வார்த்தை இல்லடா கண்ணா. அது என்னைத் திட்டுறது."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "உன்னையா? அந்த அண்ணனுக்கு உன்னைத் தெரியவே தெரியாதேம்மா?"

"தெரியாதுதான். தெரியாத ஒருத்தரைத்தான் திட்டுறாங்க."

எழுந்து உட்கார்ந்துகொண்டான். அடுத்து அவனே கேட்டது: "அப்ப நான் அவனோட அம்மாவைத் திட்டிட்டேனா?" அந்த அம்மாவை இவனுக்குத் தெரியும். போன மாதம் பிறந்தநாளுக்குப் போனபோது தட்டில் இருந்த சேமியாவை இவனுக்குப் பிடிக்கும் என்று இன்னொரு கரண்டி வைத்தவர். "ஆன்ட்டிக்குத் தெரியுமா? ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டாங்களா?" என்று கேட்டுக் கேட்டு அழுதுவிட்டான். அந்த வார்த்தைக்கு வேறு எந்த அர்த்தமும் நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இப்போது ஆன்ட்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நிற்கிறான். கூட்டிப் போகட்டுமா? அவருக்கு விஷயமே தெரியாமல் இருந்தால், நானே போய்ச் சொன்னதாகிவிடாதா?

புரசைவாக்கம் அவர்களுக்கு: எண்ணிப் பார்த்தேன். காலையில் எழுந்து பிள்ளையை வேனில் ஏற்றுவதற்குள் 'லூசு' மூன்று முறை, எல்லாம் நான் சொன்னது. அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

கரும்பலகை

ஆன்ட்டி வீட்டுக்கு வேண்டாம். அந்தப் பையனிடம் கேட்கட்டும், அவன் காதுதான் சூடாகியிருக்கும். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். அந்த ஆறாம் வகுப்புப் பையனைப் பற்றியும் பள்ளியில் சொல்லுங்கள். தண்டிப்பதற்காக வேண்டாம். அவனிடமும் யாராவது உட்கார்ந்து, உன்னிடம் யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும்.

யாழ்முற்றம்

பிள்ளை கேட்ட கேள்வியை என்ரை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினனான்.

காவிரிக்கரை

இன்று காலை வேன் வரும் முன்பே கேட்டுவிட்டான். இரண்டு பேரும் ஒரே வேன்தான். நான் கேட் பக்கம் நின்றதால் முழுசாகக் காதில் விழவில்லை. சாயங்காலம் வந்து சொன்னான்: "சரின்னு சொல்லிட்டான்மா. ஆனா ஒரு வாரம் ஜன்னல் சீட் அவனுக்காம்."

பள்ளிக்கு நாளை போகிறேன்.